வீட்டு விலை சரிந்தால் சேரிக்கு என்ன கிடைக்கும்?

“வீட்டு விலை இறங்கப் போகிறது, அவசரப்படாமல் பொறுத்திருந்து வாங்குங்கள்” என்கிற பேச்சு இப்போது எல்லாப் பக்கமும் கேட்கிறது. ஐடி கம்பெனிகள் ஆட்களைக் குறைக்கின்றன, அடுக்குமாடிகள் விற்காமல் நிற்கின்றன, ஆகவே சந்தை சரியத்தான் வேண்டும் என்று யூடியூபில் மனை ஆலோசனை சொல்கிறவர்கள் அடித்துப் பேசுகிறார்கள். சரியுமா சரியாதா என்று ஜோசியம் பார்ப்பது நம் வேலையல்ல. நமக்குக் கவலை தருவது வேறொன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக நிற்கும் நம் தம்பிகளும், திருவள்ளூர் பக்கம் கல்லூரி முடித்து வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கும் நம் தங்கைகளும் இந்தப் பேச்சை நம்புகிறார்கள். விலை இறங்கட்டும், நாமும் ஒரு வீடு வாங்கிச் சேரியை விட்டு வெளியே போய்விடலாம் என்று காத்திருக்கிறார்கள். அந்த ஆசையில் குற்றமில்லை. கணக்குத்தான் இடிக்கிறது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் கையில் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை, பால், பஸ், பிள்ளைகள் படிப்பு எல்லாம் போகக் கடன் தவணைக்கு 6,000 ரூபாய் ஒதுக்குகிறார் என்று வைப்போம். அதுவே வயிற்றைக் கட்டினால்தான் முடியும். வங்கியில் 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால், ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை சுமார் 900 ரூபாய். அப்படியானால் அவருக்குக் கிடைக்கக்கூடிய கடன் ஆறரை லட்சத்துக்குச் சற்று மேல். 30 லட்ச ரூபாய் சின்ன வீடு ஒன்று 20 சதவீதம் விலை குறைந்து 24 லட்சத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘வீட்டுச் சந்தையில் பெரும் வீழ்ச்சி’ என்று செய்தித்தாள்கள் தலைப்புப் போடும். நம் ஆளின் ஆறரை லட்சத்துக்கும் அந்த 24 லட்சத்துக்கும் நடுவில் அப்போதும் பதினேழரை லட்சம் பள்ளம் கிடக்கும். கணவனும் மனைவியும் இதே சம்பளம் வாங்கினால்கூடப் பதின்மூன்றரை லட்சத்தைத் தாண்டாது. பத்திரச் செலவு தனி. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 24 லட்சத்துக்கு அது 2,16,000 ரூபாய். பதினான்கு மாதச் சம்பளத்துக்கு மேல்.

இதுவும் வங்கி கடன் கொடுத்தால்தான். நிரந்தரத் தொழிலாளி என்ற கடிதம் எங்கே, சம்பளச் சீட்டு எங்கே என்று வங்கி கேட்கும். நம் ஆள் எட்டு வருடமாக அதே ஆலைக்குள், அதே இயந்திரத்தின் முன்னால் நின்றிருப்பார். ஆனால் ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் காகிதத்தில் அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராகிவிடுகிறார். ஆகவே வங்கி வாசலைத் தாண்ட முடியாமல் தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்திடம் போகிறார். அங்கே 14 சதவீத வட்டி என்றால் லட்சத்துக்குத் தவணை 1,240 ரூபாய்க்கு மேல். அதே 6,000 ரூபாய்க்கு ஐந்து லட்சம்கூடக் கிடைக்காது. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை ஜூனுக்குள் 5.5-க்கு இறக்கியது. வங்கிக் கடன் வைத்திருந்தவர்கள் மகிழ்ந்தார்கள், மகிழட்டும். வங்கிக் கடனே கிடைக்காதவருக்கு அந்த ஒரு சதவீதத்தில் பங்கு எங்கே? நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 1,80,000 ரூபாய் வரை வட்டி மானியம் உண்டு என்று விளம்பரம் செய்கிறார்கள். வட்டி மானியம் வேண்டுமென்றால் முதலில் கடன் வேண்டும்.

சரி, இதைவிட முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டியில் என்ன செய்கிறார்கள் என்று வெளியூர்த் தோழர்கள் கேட்பதுண்டு. பலதும் செய்கிறார்கள். அதில் பெரிய பங்கு இரும்பு. பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி இழுக்கும் உலைகளும் உருட்டாலைகளும் இங்கே வரிசையாக நிற்கின்றன. இந்த வட்டாரத்தில் எழும்பும் கான்கிரீட் தூண்கள் பலவற்றுக்குள் இருப்பது இந்தக் கம்பி. வீடு விற்றால் கட்டிடம் எழும்பும், கட்டிடம் எழும்பினால் கம்பி போகும், கம்பி போனால் மூன்று ஷிப்டும் ஓடும். வீடு விற்காவிட்டால்? முதலில் இரவு ஷிப்ட் நிற்கும். பிறகு ‘ஒரு வாரம் கழித்து வா’ என்பார்கள். யாரிடம் சொல்வார்கள்? பணி நிரந்தரம் உள்ள மேற்பார்வையாளரிடமா? உலையின் முன்னால் நிற்கும் ஒப்பந்த ஆளிடம்தான். அவர் நம் சேரிப் பையனாக இருப்பார், அல்லது பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருப்பார். அங்கிருந்து வருகிறவர்களிலும் நிலமில்லாத தலித்துகளும் ஆதிவாசிகளும் எத்தனை பேர் என்பதை விடுதி அறைகளில் போய் உட்கார்ந்து பேசினால் தெரியும். ‘வடக்கன்’ என்று நம் தோழர்கள் சிலரே அவர்களைக் கேலி பேசுவதை இந்த இடத்தில் கண்டிக்காமல் போக முடியவில்லை.

கம்பி மட்டுமல்ல. செங்கல் சூளைகள் நிறைந்த மாவட்டம் இது. இருளர் பழங்குடிக் குடும்பங்களும் ஒடிசாவிலிருந்து முன்பணத்துக்குக் கூட்டிவரப்பட்ட குடும்பங்களும் கொத்தடிமைகளாகக் கல் அறுத்து, வருவாய்த்துறையால் மீட்கப்பட்ட வரலாறு திருவள்ளூருக்கு உண்டு. கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங், பெயின்ட், டைல்ஸ், லோடு வேலை என்று பட்டியல் நீளும். நம் ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது இதில் இருக்கிறார். ஆகவே வீட்டு விலை சரிந்தால் நமக்கு மலிவு விலையில் வீடு வருவதற்கு முன்பே நம் கூலி போய்விடும். பொறுத்திருந்து வாங்கு என்கிற ஆலோசனை, பொறுத்திருக்கும் காலம் முழுக்கச் சம்பளம் வந்துகொண்டிருக்கும் ஆட்களுக்குச் சொல்லப்பட்டது.

இதை நாம் ஒருமுறை நேரிலேயே பார்த்துவிட்டோம். 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தது. விளைநிலத்தையும் ஏரியையும் கல் நட்டுக் கூறு போட்டு விற்ற கொள்ளைக்கு எதிரான உத்தரவு அது. நோக்கத்தில் நமக்கு மாறுபாடு இல்லை. இரண்டே மாதத்தில், நவம்பர் 8-ல், 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. மனை வியாபாரம் படுத்தது. 2017 ஜூனில் அரசே நிலத்தின் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. சந்தை சரிந்தால் ஏழைக்கு வீடு என்கிற வாதம் உண்மையாக இருந்தால், அந்தக் காலத்தில் திருவள்ளூர் மாவட்டத்துச் சேரிகள் பாதி காலியாகியிருக்க வேண்டும்.

நடந்தது என்ன? அங்கீகாரம் இல்லாத மனைதான் மலிவு மனை. பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கமெல்லாம் மாதத் தவணைக்கு மனை என்று அட்டை போட்டு விற்றார்கள். வங்கிப் பக்கம் போக முடியாத நம் ஆட்களுக்கு அதுதான் வங்கி. மாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்று கட்டிவந்தவர்கள், பத்திரம் ஆகும் நேரத்தில் பதிவு இல்லை என்ற செய்தியைக் கேட்டார்கள். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரம் ஆகியிருந்தால், கட்டணம் கட்டி மனையை வரன்முறை செய்துகொள்ளலாம் என்றார்கள். பத்திரம் கையில் இருந்தவர் பணம் கட்டித் தப்பித்தார். வெறும் தவணை அட்டையோடு நின்றவர் மனை போட்டவரின் தயவுக்குப் போனார். வழிகாட்டி மதிப்பைக் குறைத்த அதே உத்தரவில் பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏற்றியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023-ல் மதிப்பு மறுபடி பழைய இடத்துக்கே போனது, கட்டணம் 2 சதவீதமானது. இந்த ஏற்ற இறக்கத்தில் கையில் பணம் வைத்துக் காத்திருந்தவர்கள் நிலம் சேர்த்தார்கள். 2022-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டு, நம் மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்குள் வந்தபோது அவர்கள் கையில் நிலம் இருந்தது.

அமெரிக்காவிலும் இதுதான் கதை. 2008-ல் அங்கே வீட்டு விலை சரிந்தபோது, அதிக வட்டிக் கடனைத் தலையில் கட்டிவிடப்பட்டிருந்த கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க மக்களும் மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் வீட்டை இழந்தார்கள். விலை அடிமட்டத்துக்கு வந்ததும் அவர்களால் வாங்க முடிந்ததா? பிளாக்ஸ்டோன் போன்ற முதலீட்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் அந்த வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டன. சரிவு என்பது பணம் வைத்திருப்பவனுக்குத் தள்ளுபடி விற்பனை.

அப்படியானால் நமக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்பது விலை மட்டும்தானா? இந்தக் கேள்விக்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணிலிருந்து ஒரு பதில் எழுதப்பட்டிருக்கிறது. திருவள்ளூர் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்தது. அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், 1891-ல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பஞ்சமி நிலத்துக்கு அடிப்படையான அறிக்கை என்று அதை எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறோம். அதில் வீட்டு மனையைப் பற்றி இருப்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. சேரி நின்ற மண் சேரிக்காரனுடையதாக இல்லை, மிராசுதாரருடையதாக இருந்தது. கூலி உயர்த்திக் கேட்டாலோ, சொந்தமாக நிலத்துக்கு விண்ணப்பம் போட்டாலோ, குடிசையைக் காலி செய் என்று மிரட்ட முடிந்தது. பண்ணையாள் ஓடிப்போகாமல் கட்டிவைத்த கயிறு அந்தக் குடிசை மனைதான். கூலிப் பிரச்சினையும் வீட்டுப் பிரச்சினையும் நம் வரலாற்றில் ஒருபோதும் தனித்தனியாக இருந்ததில்லை. இன்றைக்கு ஒப்பந்தக்காரர் எடுத்துக் கொடுக்கும் தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுக்கும் தொழிலாளி, வேலையை விட்டால் அன்றைக்கே படுக்கையையும் சுருட்ட வேண்டியிருக்கிறதே, அதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு என்று ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்கிறோம். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் நம் மக்களுக்குள்தான் கைமாறலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறிப் போனது. அதை மீட்கப் போன காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம். பிறகு வந்த அரசுகள் சட்டம் போடாமல் இல்லை. குடியிருப்பு மனை குடியிருக்கும் உழவுத் தொழிலாளிக்கே என்று 1971-ல் சட்டம் வந்தது. ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்க 1978-ல் தனிச் சட்டம் வந்தது. நம் காலனிகள் பல அந்தச் சட்டத்தால் கிடைத்தவை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊருக்கு வெளியே, பெரும்பாலும் தாழ்வான இடத்தில் மூன்று சென்ட் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். அந்த மூன்று சென்டில் இன்று தாத்தா பெயரில் பட்டா, நான்கு பேரன் குடும்பங்கள்.

சேரியைச் சுற்றியிருந்த பொது நிலமும் போனது. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகை மாணவத் தோழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய பெயர். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஆடு மாடு மேய்த்து, ஏரிக்கு நீர் வந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்க்கால் நிலத்தைச் சிப்காட்டுக்கு ஒதுக்கினார்கள். மிச்செலின் டயர் ஆலை வந்தது. மக்கள் மறியல் செய்தார்கள், சிறை போனார்கள், நீதிமன்றம் போனார்கள். 2012-ல் பிரான்ஸ் நாட்டுத் தொழிற்சங்கத்தோடும் அமைப்புகளோடும் சேர்ந்து பாரீஸ் வரை புகார் கொண்டுபோனார்கள். ஆலை நின்றுவிட்டது. சுற்றுப்பட்டில் மனை விலை ஏறியது. மேய்ச்சல் நிலம் இழந்தவர்களுக்கு அந்த ஏற்றத்தில் ஒரு சென்ட்கூடக் கணக்கு வைக்கப்படவில்லை. வளர்ச்சி வந்தால் விலை ஏறி வெளியே நிற்கிறோம், வீழ்ச்சி வந்தால் வேலை போய் வெளியே நிற்கிறோம்.

இப்போது அரசின் வீட்டுத் திட்டங்களைப் பாருங்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய் தருகிறார்கள். 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு, எட்டு லட்சம் வீடு என்பது அறிவிப்பு. நல்ல திட்டம் என்றே சொல்வோம். மூன்றரை லட்சத்தில் இன்றைய கம்பி, சிமென்ட் விலைக்குக் கட்டி முடிக்க முடியாமல் கடன் வாங்குகிறார்கள் என்ற குறை இருந்தாலும், கான்கிரீட் கூரை கூரைதான். ஆனால் விண்ணப்பத்தோடு என்ன கேட்கிறார்கள்? சொந்த மனை, பட்டா. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வீடு கட்ட நான்கு லட்சம் வரை தருகிறது. அங்கேயும் சொந்தமாக மனை வைத்திருந்து கட்ட வேண்டும் என்றால் அதே கேள்வி. மனை இருப்பவனுக்கு வீடு தருகிறார்கள். மனையே இல்லாதவன், பட்டா கையில் இருந்தும் அளந்து காட்டப்படாதவன், புறம்போக்கு என்று எழுதப்பட்ட இடத்தில் மூன்று தலைமுறையாக இருப்பவன், இவர்கள் வரிசையிலேயே நிற்க முடியாது. சென்னையைச் சுற்றியுள்ள ‘பெல்ட் ஏரியா’வில் பட்டா கொடுக்க 1962 முதல் இருந்த தடையைத் தளர்த்தி, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் 29,187 பேருக்குப் பட்டா என்று 2025 பிப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. அறுபது ஆண்டு தாமதம். ஆனாலும் வீட்டு விலை 20 சதவீதம் சரிவதைவிட அந்த ஒரு காகிதம் நம் குடும்பத்துக்குச் செய்யும் நன்மை அதிகம்.

வாடகையைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை, படிக்கிற எல்லோருக்கும் அனுபவம் இருக்கும். “எந்த ஊரு தம்பி? ஊர்ல எந்தத் தெரு?” இரண்டாவது கேள்வி வந்ததும் புரிந்துவிடும். வீடு காலி இருந்தும், முன்பணம் கையில் இருந்தும், ‘நேற்றே ஆள் வந்துட்டாங்க’ என்பார்கள். 1917-ல் பரோடாவில் அரசு உத்தியோகத்தோடு போய் இறங்கிய அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. டெல்லி சுற்றுவட்டாரத்தில் சுகதேவ் தோரட் குழுவினர் செய்து 2015-ல் வெளியிட்ட ஆய்வு, வாடகைக்குக் கேட்பவரின் பெயரில் சாதியும் மதமும் தெரிந்தாலே பதில் மாறுகிறது என்று காட்டியது. சந்தை சரிந்து வீடுகள் காலியாகக் கிடந்தாலும் இந்த இரண்டாவது கேள்வி மட்டும் மலிவாகாது. வாடகைக்கு வீடு மறுப்பதைத் தண்டிக்கத் தெளிவான சட்டப்பிரிவு வேண்டும் என்று நாம் இன்னும் ஓங்கிக் கேட்கவில்லை.

விலை இறங்குமா என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு ஊருக்குச் செய்யலாம். ஊரின் ‘அ’ பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டக் கணக்கையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பஞ்சமி என்று குறித்த சர்வே எண்கள் இன்று யார் பெயரில் இருக்கின்றன என்று பக்கத்தில் எழுதுங்கள். காலனியில் வீடு வீடாகப் போய், பட்டா இருக்கிறதா, யார் பெயரில், அளந்து கொடுத்தார்களா, ஒரே மனையில் எத்தனை குடும்பம் என்ற நான்கே கேள்விகளைக் கேளுங்கள். ஆலைக்குப் போகிறவர்களிடம், எத்தனை வருடமாக ஒரே ஆலையில் இருக்கிறீர்கள், அதற்குள் எத்தனை ஒப்பந்தக்காரர்கள் மாறினார்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணி நிரந்தர வழக்குக்கு அது உதவும். கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை வட்டங்களில் தோழர்கள் ஏற்கெனவே சில ஊர்களில் ஆரம்பித்திருக்கிறார்கள், மற்ற வட்டங்களில் ஆள் போதவில்லை. கோடையில் ஜமாபந்தி வரும். அதற்கு முன் பட்டியல் கையில் இருக்க வேண்டும்.